பள்ளிக்கூடம் வீடாகும்போது: விக்டோரியா காலக் கிராமப் பள்ளிக் கட்டடங்கள்

இங்கிலாந்தின் சிற்றூர்களில் விக்டோரியா அரசியின் காலத்தில் (1837–1901) எழுந்த சிறு பள்ளிக்கூடங்கள் பல இன்று குடியிருப்பு வீடுகளாக உள்ளன. அவற்றுள் ஒரு பகுதி, பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் இடம்பெற்றவை. ‘ஓல்டு ஸ்கூல் ஹவுஸ்’ என்ற பெயர்ப்பலகை தொங்கும் இவ்வீடுகளைப் பற்றி எழுதுவோர், கூர்வளைவுச் சாளரத்தையும் உச்சியிலுள்ள மணிக்கூண்டையும் வியந்துவிட்டு நகர்ந்துவிடுகின்றனர். இக்கட்டடங்களின் உயிர் உள்ளே விரிந்து கிடக்கும் ஒற்றைக் கூடத்தில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. வீடாக மாற்றும்போது முதலில் பலியாவதும் அதுவே.

கூடமும் சட்டாம்பிள்ளையும்

அந்தக் கூடத்துக்குச் சென்னையோடு ஓர் உறவு உண்டு. ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789இல் எழும்பூரில் ஆண்பிள்ளைகளுக்கான அனாதை இல்லப் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு அதைத் தம் பள்ளியில் புகுத்தினார். மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாட்டையும் அங்கே வளர்த்தெடுத்தார். 1797இல் லண்டனில் இதைப் பற்றி நூல் வெளியிட்டார். ‘மெட்ராஸ் சிஸ்டம்’ என்றே அங்கு அதற்குப் பெயர். இங்கிலாந்துத் திருச்சபை சார்பில் 1811இல் தோன்றிய நேஷனல் சொசைட்டி இம்முறையைத் தன் பள்ளிகளில் கையாண்டது. நம் திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளையை அறிந்தவர்களுக்கு இதன் நடைமுறை உடனே விளங்கும். ஓர் ஆசிரியர், பல குழுக்கள், ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு மூத்த பிள்ளை. அத்தனை பேரையும் ஆசிரியர் ஒரே பார்வையில் காண வேண்டுமென்றால் குறுக்கே சுவர் இருக்கக்கூடாது. கட்டடத்தின் வடிவம் பாடமுறையிலிருந்து பிறந்தது.

அரசு 1833இல் முதன்முதலாகப் பள்ளிக் கட்டடங்களுக்கு 20,000 பவுண்டு ஒதுக்கியது. 1840 வாக்கில் மாதிரி வரைபடங்களும் வெளிவந்தன. 1862இல் வந்த திருத்திய விதிகள், மானியம் பெற ஒரு பிள்ளைக்கு 80 கன அடி இடம் வேண்டுமென்றன. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 50 பிள்ளைகளுக்கு 4,000 கன அடி. 25 அடி நீளம், 16 அடி அகலம், 10 அடி உயரம் இருந்தால் போதும். ஆனால் கூரைச் சட்டங்கள் தெரியும்படி உச்சிவரை திறந்துவிட்ட கூடங்கள் இதைவிட நன்கு உயர்ந்தவை. காற்றோட்டம் ஒரு காரணம். நிலம் தந்த பிரபுவும் மேற்பார்வை செய்த பாதிரியாரும் பள்ளியைத் தேவாலயத்தின் தங்கையாகக் காண விரும்பியது மற்றொன்று. சாளரங்களின் அடிவிளிம்பைப் பிள்ளைகளின் தலைக்கு மேலே வைத்தார்கள். வெளிச்சம் வரும், தெருவில் போகும் வண்டி தெரியாது! வகுப்பறையில் நின்றவர்களுக்கு இதன் பயன் புரியும். அதில் உள்ள கடுமையும் புரியும்.

ஆக்ஸ்போர்டுஷயரில் உள்ள காட்டிஸ்ஃபோர்டு ஊர்ப் பள்ளி இதற்கு நல்ல சான்று. எழுத்தாளர் ஃப்ளோரா தாம்சன் (பிறப்பு 1876) படித்த பள்ளி அது. இன்று அதுவும் வீடுதான். 1939இல் வெளியான தம் ‘லார்க் ரைஸ்’ நூலில் அதை வேறு பெயரில் வர்ணித்திருக்கிறார். பெரிய வகுப்பறை ஒன்று, சாலையைப் பார்த்த முனைச்சுவர் முழுவதும் ஒரே சாளரம், பக்கத்தில் ஆசிரியைக்கு இரண்டே அறை கொண்ட குடில். ஏறத்தாழ 45 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியை. துணைக்குப் பன்னிரண்டு வயதளவில் இரு மானிட்டர்கள், வாரக்கூலி ஒரு ஷில்லிங். பெல்லின் முறை மங்கிய பின்பும் அவர் வகுத்த கூடமும் சட்டாம்பிள்ளையும் சிற்றூரில் மிஞ்சியிருந்ததை இதில் காணலாம்.

மாற்றமும் பாதுகாப்பும்

1944ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்துக்குப் பின் 11 வயதுக்கு மேற்பட்டோர் இடைநிலைப் பள்ளிகளுக்குச் சென்றனர். கிராமப் பள்ளிகளில் எண்ணிக்கை குறைந்தது, பல மூடப்பட்டன. வாங்கியவர்களுக்கு அந்த உயரம் சுமையானது. சூடெல்லாம் கூரைக்கு ஏறிவிடும், நான்கு படுக்கையறைகளும் வேண்டும். எனவே நடுவே ஒரு தளத்தைப் போட்டார்கள். நெடிய சாளரத்தைத் தளம் குறுக்கே வெட்டுகிறது. வெளியே நின்று பார்த்தால் கண்ணாடிக்குப் பின்னால் கறுப்புப் பட்டை தெரியும். கீழறையில் சாளரத்தின் தலை இல்லை. மேலறையில் கூரைச் சட்டம் கட்டிலுக்கு மேலே இடிக்கிறது. இதை நான் சீர்திருத்தம் என்று சொல்லமாட்டேன்.

பட்டியலிட்ட கட்டடம் என்றால் முகப்பு மட்டுமே காக்கப்படுகிறது என்று எண்ணுவோர் உண்டு. இங்கிலாந்தில் 1990ஆம் ஆண்டின் சட்டப்படி உட்புறமும் அதில் அடங்கும். அனுமதியின்றி அதன் சிறப்பியல்பைப் பாதிக்கும்படி மாற்றினால் குற்றம். அனுமதி கேட்டு மாற்றலாம் என்பதால், பேரம் நடப்பது இந்தத் தளத்தைச் சுற்றித்தான். நல்ல மாற்றங்களில் ஒரு பொதுத்தன்மை காண்கிறேன். படுக்கையறையும் குளியலறையும் ஆசிரியர் குடிலுக்கும் மேலங்கி மாட்டும் தாழ்வான அறைக்கும் போய்விடும். கூடம் திறந்த வாழிடமாக நிற்கும். மேல்தளம் தவிர்க்க முடியாதபோது அது கூடத்தின் ஒரு முனையோடு, சாளரத்தைத் தொடாமல் பின்வாங்கி நிற்கும். பின்னாளில் கழற்றிவிடவும் முடியும். கதவுக்கு மேல் கல்லில் பொறித்த ‘பாய்ஸ்’, ‘கேர்ள்ஸ்’ எழுத்துகளை எல்லோரும் காப்பாற்றுகிறார்கள், அதற்குச் செலவில்லை.

நிலத்தின் கதை வேறு. 1841ஆம் ஆண்டின் பள்ளி நிலச் சட்டம், பள்ளிக்காக ஓர் ஏக்கர் வரை தானம் தருவதை எளிதாக்கியது. பள்ளி நின்றுபோனால் நிலம் கொடுத்தவர் பக்கமே திரும்பும் என்ற விதியும் அதில் இருந்தது. நூறு ஆண்டுக்குப் பின் அந்த வாரிசுகளை எங்கே தேடுவது? 1987இல் வந்த சட்டம், நிலம் தானாகத் திரும்புவதை நிறுத்தி, அறங்காவலர்கள் அதை அவ்வாரிசுகளின் பொருட்டு வைத்திருக்க வழிசெய்தது. கல்லும் மரமும் பட்டியலில் ஏறிவிட்டன. ஊர்ப்பிள்ளைகள் ஓடிய முற்றத்துக்குக் கிடைத்த காப்பு, 1948 ஜூலை 1க்கு முன்பே எழுந்த அதன் சுற்றுச்சுவருக்கு மட்டுமே. உள்ளே பெரும்பாலும் கார் நிற்கிறது.