கொல்கத்தாவில் ஒரு பெக்

வெளிநாடு கிளம்பும் நண்பர்கள் இப்போதெல்லாம் அருங்காட்சியகப் பட்டியலோடு பார் பட்டியலையும் எடுத்துக்கொண்டுதான் விமானம் ஏறுகிறார்கள். சிங்கப்பூர் என்றால் ராஃபிள்ஸ் ஹோட்டலின் லாங் பார். பாரிஸ் என்றால் 1911-இல் திறந்த ஹாரிஸ் நியூயார்க் பார். போகட்டும், நல்ல இடங்கள்தான். லாங் பாரில் சிங்கப்பூர் ஸ்லிங்கைக் குடித்தபடி நிலக்கடலைத் தோலைத் தரையில் வீசுவதில் ஒரு குஷி இருக்கத்தான் செய்கிறது. ஆனால் பக்கத்து மேசைக்காரரும் உங்களைப் போலவே படம் எடுக்க வந்தவராக இருப்பார். உள்ளூர்க்காரர்கள் தங்களுக்காக வைத்திருக்கும் பாரைப் பார்க்க வேண்டுமா? ஹௌரா மெயிலில் ஏறுங்கள், பாஸ்போர்ட் தேவையில்லை.

கொல்கத்தாவின் எஸ்பிளனேடில் மெட்ரோ சினிமாவை ஒட்டிய சந்துக்குள் 1872 முதல் ஒரு பார் நடக்கிறது. முறையான பெயர் ஷா பிரதர்ஸ். ஊர் அழைப்பது சோட்டா பிரிஸ்டல். இங்கே தனி மேசை கேட்டால் சிரிப்பார்கள். நீங்கள் உட்கார்ந்த மேசையின் மற்ற நாற்காலிகள் பொதுச் சொத்து; குமாஸ்தாவோ வக்கீலோ கடைக்காரரோ வந்து அமர்வார், தலையசைப்பார், அவ்வளவுதான் அறிமுகம். பில் கிடையாது. பெக் மேசைக்கு வந்ததும் காசு கொடுத்துவிட வேண்டும். முதலில் இது எரிச்சலாகத்தான் இருக்கும். யோசித்தால் இதைவிட நல்ல கடிவாளம் வேறில்லை: ஒவ்வொரு பெக்குக்கும் சட்டைப்பைக்குள் கைவிடும்போது, இன்னொன்று வேண்டுமா என்று மறுபடி முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. நெடுங்காலம் பெண்களை உள்ளே விடாதது மட்டும் இந்த இடத்தின் மேல் எனக்குள்ள மனத்தாங்கல்.

தொட்டுக்கொள்ள இந்த ஊரின் பழைய பார்களில் ஆதா-சோலா கிடைக்கும். ஊறவைத்த பச்சைக் கொண்டைக்கடலை, மெல்லிய இஞ்சிச் சீவல், உப்பு. சுண்டல் என்று நினைத்து வாயில் போட்டால் கடலை நறுக்கென்று உடையும். பிறகு இஞ்சி சுரீரென்று ஏறும். ரம்முக்கு இதைவிடப் பொருத்தமான துணையை நான் கண்டதில்லை. பொரித்த மீன் இதற்குப் பிறகுதான்.

கணேஷ் சந்திர அவென்யூவில் 1937 முதல் இருக்கும் ப்ராட்வே ஹோட்டலின் பார் என் முதல் தேர்வு. உயர்ந்த கூரை, நீளத் தண்டில் தொங்கும் மின்விசிறிகள், தெருவைப் பார்த்த ஜன்னல்கள். நம் ஊரில் பார் என்றாலே இருட்டு. திருட்டுத்தனம் செய்யப்போகிறவனைப் போல உள்ளே நுழைய வேண்டும். 2003 முதல் சில்லறை மது விற்பனையை டாஸ்மாக் நடத்துகிறது. விற்பனையை ஒழுங்காகக் கணக்குப் பார்க்கிறார்கள், குடிப்பவனும் உட்கார வேண்டிய மனிதன் என்று யாருக்கும் தோன்றவில்லை. ப்ராட்வேயில் பிற்பகல் வெளிச்சத்தில் ஒருவர் செய்தித்தாளோடு ஒரு பியரை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் இருக்கலாம். பரிமாறுபவரை ‘தாதா’ என்கிறார்கள்; அவரும் நம்மைத் தாதா என்கிறார். 60 மில்லி அளவுக் குவளையை நம் கண்ணெதிரே விளிம்புவரை நிரப்பிக் கவிழ்ப்பார். சோடாவைச் சரித்தபடி நம் முகத்தைப் பார்ப்பார். நாம் இமைத்தால் நிறுத்திவிடுவார். அந்தக் கைப்பழக்கத்தைப் பார்க்கவே போகலாம்.

பார்க் தெரு வேறு உலகம். ஒலிபப்பில் மாட்டிறைச்சி ஸ்டேக்கும் ஓல்ட் மாங்க்கும் கல்லூரிக்காரர்களும். மொகாம்போவுக்குச் சாப்பிடப் போகலாம். டிரிங்காஸ்தான் நமக்கு நெருக்கம். டிரிங்கா என்ற சுவிஸ்காரர் தொடங்கிய தேநீர்க் கூடம் பிறகு மேடையும் இசைக்குழுவுமாக மாறியது. 1969-இல் அந்த மேடையில் காஞ்சிப் பட்டும் பெரிய பொட்டுமாக ஆங்கிலப் பாட்டுப் பாடியவர் ஒரு தமிழ்ப் பெண், உஷா ஐயர். பிற்பாடு உஷா உதுப். அதற்குச் சற்று முன்புதான் சென்னை அண்ணா சாலையில் சஃபையர் தியேட்டர் வளாகத்திலிருந்த நைன் ஜெம்ஸில் அவர் பாடத் தொடங்கியிருந்தார். சஃபையரை இடித்து நெடுநாளாகிறது. டிரிங்காஸில் இன்றும் இசைக்குழு வாசிக்கிறது. கேளிக்கை வரியிலும் எழுபதுகளின் கலவரத்திலும் பார்க் தெருவின் பல மேடைகள் அடங்கிப்போன பிறகும் இந்த ஒன்று நின்றது சாதாரண விஷயமில்லை.

புதிய காக்டெயில் பார்களையும் ஒதுக்க வேண்டாம், ஒரு பழத்துக்காகவாவது. கந்தராஜ் எலுமிச்சை நீள்வட்டமாக, தடித்த பச்சைத் தோலோடு இருக்கும். சாறு சொற்பம், வாசனை முழுக்கத் தோலில், நாரத்தை இலையைக் கசக்கியது போல. நல்ல பார்டெண்டர் வெள்ளைச் சதை ஒட்டாமல் ஒரு சீவல் எடுத்து, ஜின் கோப்பைக்கு மேலே வைத்து முறுக்குவார். எண்ணெய்த் துளிகள் பனிக்கட்டி மேல் தெறிக்கும். அதன்மேல் டானிக். அந்தக் கசப்பும் நமக்கு அந்நியமில்லை: அதைத் தரும் கொயினாவுக்காக 1860-களில் நீலகிரியிலும் டார்ஜிலிங் மலையின் மங்க்பூவிலும் சிங்கோனா பயிரிட்டார்கள். டார்ஜிலிங் தேயிலை ஊறிய ஜின்னும் நன்றாக வரும், அதிக நேரம் ஊறவிட்டுத் துவர்க்கவைக்காதிருந்தால். குளிர்காலத்தில் நொலேன் குர் என்னும் ஈச்ச வெல்லத்தை விஸ்கியில் கலந்து தருகிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. அந்த வெல்லம் சந்தேஷ் இனிப்புக்குப் பிறந்தது.

21 வயது நிரம்பாதவருக்கு வங்கத்தில் மது கிடையாது. மற்றவர்கள் பிற்பகலில் ப்ராட்வேயில் தொடங்குங்கள், சோட்டா பிரிஸ்டலுக்குச் சில்லறை எடுத்துப் போங்கள், டிரிங்காஸில் மேசைக்கு முன்பே சொல்லி வையுங்கள்.