ஈரச் சாலையில் விரல்களின் பந்தயம்

2014 ஆகஸ்ட் 10 அன்று லண்டனில் நடந்த ரைடுலண்டன் சைக்கிள் ஓட்டத்தில் அமெச்சூர்கள் 100 மைல் ஓட்டுவதாக இருந்தது. பெர்த்தா சூறாவளியின் மிச்சம் அட்லாண்டிக் கடலைத் தாண்டி வந்து அன்றைக்குத் தெற்கு இங்கிலாந்தில் கொட்டித் தீர்த்தது. அமைப்பாளர்கள் பாதையை 86 மைலாகக் குறைத்தார்கள். அவர்கள் வெட்டியது சமதளத்தை அல்ல. சர்ரே மாவட்டத்தின் லீத் ஹில், பாக்ஸ் ஹில் என்ற இரு குன்றுகளை.

ஏற்றத்தில் மழை பெய்தால் என்ன கெட்டுவிடும்? வேகம் குறைவு, உடம்பு சூடாக இருக்கும், விழுந்தாலும் சிராய்ப்போடு போய்விடும். ஆனால் ஏறிய ஒவ்வொருவரும் மறுபக்கம் இறங்கியாக வேண்டும். ஈரச் சாலையில் இறக்கத்தின் முதல் வளைவில் பிரேக்கைப் பிடிக்கும் விரல்கள் என்ன நிலையில் இருக்கின்றன என்பதுதான் கேள்வி. அன்றைய முடிவு சரியானது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மழைப் பந்தயத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் கால் வலிமையைப் பற்றியே பேசுகிறார்கள். மழை முதலில் பறிப்பது விரல்களை.

ரிம் பிரேக்கை எடுத்துக்கொள்வோம். 2014இல் சாலைப் பந்தய சைக்கிள்களில் பெரும்பாலும் இதுதான் இருந்தது. இன்றும் நம் ஊர் அமெச்சூர்கள் பலரிடம் இருக்கிறது. நனைந்த ரிம்மில் ரப்பர் கட்டை முதலில் தண்ணீரைத் துடைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் சக்கரத்தைப் பிடிக்கும். பிரேக்கை அழுத்தியும் வண்டி நிற்காமல் போகும் அந்த ஒரு கணத்தில் அனுபவமில்லாதவர் இன்னும் இறுக்கி அழுத்துகிறார். தண்ணீர் வழிந்ததும் பிடி திடீரென்று வருகிறது, சக்கரம் பூட்டிக்கொள்கிறது. பூட்டியது பின்சக்கரமானால் சமாளித்துவிடலாம், முன்சக்கரமானால் தரையில்தான். விவரமறிந்தவர் வளைவுக்கு வெகு முன்பே லேசாகத் தொட்டு ரிம்மைத் துடைத்துக்கொள்வார், வண்டி நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்துவிடுவார். இதற்கெல்லாம் விரலில் நுட்பமான உணர்வு வேண்டும். மரத்துப்போன விரலுக்கு லேசாகத் தொடுவதும் இறுக்குவதும் ஒன்றுதான். டிஸ்க் பிரேக் இந்தச் சிக்கலைப் பாதி தீர்த்திருக்கிறது. பாதிதான், ஏனென்றால் வண்டி நிற்பது கடைசியில் டயருக்கும் தார்ச்சாலைக்கும் இடையிலுள்ள பிடிப்பினால். வெள்ளைக் கோட்டிலும் மேன்ஹோல் மூடியிலும் எந்த பிரேக்குக்கும் அந்தப் பிடிப்பு கிடைக்காது.

அடுத்தது கூட்டத்தில் பிடிக்கும் இடம். வெயிலில் அமெச்சூர் கூட்டத்தின் வால்பக்கம் ஒளிந்துகொள்வது புத்திசாலித்தனம். முன்னால் போகிறவர்கள் காற்றைக் கிழித்துத் தருவார்கள். மழையில் அதே இடம் மிகக் கொடியது. முன்னால் போகிறவரின் சக்கரம் வாரியடிக்கும் சேற்றுநீர் கண்ணிலும் வாயிலும் விழுவதால் இடைவெளி விட்டே ஓட்டுகிறோம். காற்று மறைப்பின் பலன் அங்கேயே போய்விட்டது. அதோடு ஒவ்வொரு வளைவிலும் முதல் ஆள் கொஞ்சம் வேகம் குறைத்தால் பத்தாவது ஆள் அதைவிடக் குறைக்கிறார், ஐம்பதாவது ஆள் ஏறக்குறைய நின்றே விடுகிறார். முதல் ஆள் வளைவைத் தாண்டி வேகமெடுத்திருப்பார். கடைசி ஆள் எழுந்து நின்று மிதித்து இடைவெளியை அடைக்க வேண்டும். அடுத்த வளைவில் மறுபடியும் இதே கதை. பந்தயம் முடிந்ததும் "கால் செத்துப்போச்சு" என்று சொல்கிறவரின் கால்களைக் கொன்றது ஏற்றமல்ல, வளைவுக்கு வளைவு அவர் அடைத்த இடைவெளிகள். மழை நாளில் முதல் இருபது பேருக்குள் இருப்பதற்காக ஆரம்பத்திலேயே கொஞ்சம் அதிகம் செலவழிப்பது பிற்பாடு பல மடங்கு மிச்சமாகும்.

மூன்றாவதுதான் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது: சாப்பாடு. குளிரில் தாகம் தெரியாது, பசியும் உறைக்காது. ஆனால் நனைந்த உடம்பு வெப்பத்தைக் காக்க நடுங்குகிறது, அந்த நடுக்கத்துக்கும் தசையிலுள்ள மாவுச்சத்து செலவாகிறது. செலவு கூடும் நாளில் வரவு குறைகிறது. சட்டையின் முதுகுப் பையிலிருந்து ஜெல் பாக்கெட்டை எடுக்க ஈரக் கையுறையோடு தடவ வேண்டும், பல்லால் கிழிக்க வேண்டும், ஒற்றைக் கையால் ஈரச் சாலையில் ஓட்ட வேண்டும். "அடுத்த நேர்ச்சாலை வரட்டும்" என்று தள்ளிப்போட்டபடியே ஒரு மணிநேரம் கழிந்துவிடும்.

இது அமெச்சூருக்கு மட்டும் நேர்வதல்ல. 2019 செப்டம்பர் 29 அன்று யார்க்‌ஷயரில் நடந்த உலக சாம்பியன்ஷிப் ஆண்கள் சாலைப் பந்தயத்தை நினைத்துப் பாருங்கள். சுமார் 285 கி.மீ. என்று திட்டமிட்ட பாதை, வெள்ளத்தால் 261 கி.மீ. ஆனது. அங்கும் பட்டர்டப்ஸ், கிரிண்டன் மூர் என்ற ஏற்றங்களைத்தான் எடுத்துவிட்டார்கள். ஆறரை மணிநேரத்துக்குச் சற்றுக் குறைவான அந்த ஓட்டத்தை முடித்தவர்கள் 46 பேர். முன்னணிக் குழுவில் எல்லோரும் பயந்தது நெதர்லாந்தின் மாத்யூ வான் டெர் பூலைப் பார்த்து. முடிய ஏறக்குறைய 12 கி.மீ. இருக்கும்போது, யாரும் தாக்கவில்லை, எதுவும் நடக்கவில்லை, மனிதர் அப்படியே பின்னுக்கு நழுவினார். பத்து நிமிடங்களுக்கு மேல் பிந்தித்தான் எல்லைக்கோட்டுக்கு வந்து சேர்ந்தார். வென்றவர் 23 வயது டேனிஷ் வீரர் மாட்ஸ் பெடர்சன். வேக ஓட்டத்தில் அவரைவிட இத்தாலியின் மத்தேயோ ட்ரென்டினுக்கே வாய்ப்பு என்று பலரும் கணித்திருந்தார்கள். புத்துணர்வோடு வரும்போதுதான் அந்தக் கணக்குச் செல்லும். ஆறு மணிநேரம் ஊறிய பிறகு யாரிடம் என்ன மிச்சமிருக்கிறது என்பதே எஞ்சிய கேள்வி, பெடர்சனிடம் இருந்தது.

தொழில்முறை வீரர்களுக்குப் பின்னால் கார் வருகிறது, உலர்ந்த கையுறையும் சூடான பானமும் தருகிறார்கள். அமெச்சூருக்கு யாரும் இல்லை. திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டிய கை எலும்புதான் பந்தயத்தில் பணயமாக இருக்கிறது. அதனால் நம் ஊர்க் குழுக்களிடம் வெளிப்படையாகவே கேட்கிறேன். வடகிழக்குப் பருவமழையை ஒட்டிய மாதங்களில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டம் வைக்கிறீர்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஆழியாறு – வால்பாறைச் சாலையின் 40 வளைவுகளிலும் குழுக்கள் ஏறி இறங்குகின்றன. மழை வந்தால் எந்தப் பாதை, எந்த இடத்தில் நிறுத்துவோம், மேலே ஏறியவர்களை வேனில் இறக்குவோமா என்பதைப் பதிவுப் படிவத்திலேயே அச்சிடுங்கள். மலையுச்சியில் முடிகிற பாதை மழைக்கு மிகப் பொருத்தம்; நேரத்தைக் கணக்கிடுவது அங்கே நின்றுவிட்டால் இறக்கத்தில் யாரும் யாரையும் முந்த வேண்டியதில்லை. சுருக்கிய பாதையை முடித்தவருக்கும் முழுப் பதக்கம், முழு இடம் கொடுங்கள். பாதியில் இறங்கிக்கொண்டவரின் பெயருக்கு எதிரே "முடிக்கவில்லை" என்று மட்டும் போடாமல், எத்தனையாவது கிலோமீட்டரில் இறங்கினார் என்பதையும் எழுதுங்கள். அடுத்த ஆண்டு பாதையை எங்கே வெட்டுவது என்று அந்தப் பட்டியலே காட்டிக்கொடுத்துவிடும்.