தன்னிழிவு உணர்த்தும் சொற்கள்: எச்.ஐ.வி. தொடர்பான மொழிபெயர்ப்புகள் குறித்து ஒரு திறனாய்வு

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாக 1986-ஆம் ஆண்டு சென்னையில் கண்டறியப்பட்டது. சுனிதி சாலமன் வழிகாட்ட, செல்லப்பன் நிர்மலா குருதி மாதிரிகளைத் திரட்டி அவ்வாய்வினை மேற்கொண்டார். அதன் பின்னர் இத்தொற்றினைக் குறித்துத் தமிழில் எழுந்த சொற்களுள் பெரும்பாலானவை தொற்றுள்ளோரைப் பற்றிப் பிறர் பேசுதற்கென ஆக்கப்பட்டவை. தொற்றுள்ளோர் தம்மைப் பற்றித் தாமே பேசுமிடத்து அவை என்ன பொருள் தருகின்றன என்பதே இவண் ஆராயப்படுகிறது. பாலக்காட்டு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி முதலிய ஊர்களும், இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீருமேடு, உடும்பஞ்சோலை வட்டங்களும் இதற்கு ஏற்ற களம் எனலாம். அங்கே தமிழும் மலையாளமும் ஒருவர் வாயிலேயே வழங்குவதால், ஒரு சொல் இரு மொழிகளிலும் பொருள் பிரியுமிடத்து மொழிபெயர்ப்பின் குறை உடனே புலப்படும்.

'ஸ்டிக்மா' என்பது கிரேக்கத்தில் குத்தியோ சுட்டோ பிறர் இட்ட அடையாளம். எர்விங் காஃப்மன் 1963-இல் வெளியிட்ட நூலால் அது சமூகவியற் கலைச்சொல்லாக நிலைபெற்றது. சமூகம் இட்ட இழிவை ஒருவர் தம் மதிப்பீடாகவே கொண்டுவிடும் நிலையைச் 'சுயகளங்கம்' எனப் பெயர்ப்பது எளிது, ஆனால் பிழை. அத்தொகையை விரித்தால் 'தன்னுடைய களங்கம்' என்றே ஆகும். நிலவின் களங்கம் நிலவினுடையது. அதை இட்டவர் எவருமிலர். இட்டவரை மறைத்து, இடப்பட்டவரையே உடையவராக்கும் சொல் தான் விளக்க வந்த தீங்கினைத் தானே செய்கிறது. 'வடு' இவ்வகையில் மேலான சொல். திருக்குறளில் அது தழும்பையும் பழியையும் ஒருங்கே குறிக்கும். மலையாளத்திலும் தழும்பென்னும் பொருளில் வழங்கும். எனினும் இன்றைய பேச்சுத்தமிழில் பழி என்னும் பொருள் மங்கிவிட்டது. (பாலக்காட்டில் 'வடு' என்றால் ஊறுகாய்ப் பானைதான் பலருக்கு முதலில் நினைவுக்கு வரும்.) 'இழிவேற்பு' என்பதை முன்மொழியலாம். ஏற்பவர் ஒருவர் உண்டெனில் சுமத்தியவரும் உண்டென்பது அதில் தொக்கு நிற்கிறது.

பார்பரா பெர்கரும் பிறரும் 2001-இல் அமைத்த நாற்பது கூற்றுகள் கொண்ட அளவுகோல் இத்துறையில் பெரிதும் பயன்படுவது. தென்னிந்தியாவுக்கென அதன் சுருக்க வடிவம் ஒன்று 2013-இல் வெளிவந்தது. எச்.ஐ.வி. இருப்பதால் தான் தூய்மையற்றதாக உணர்வதாகக் கூறும் கூற்று அதிலொன்று. இதனைத் தமிழாக்குவோர் முன் 'அழுக்கு', 'அசுத்தம்', 'தீட்டு' என மூன்று சொற்கள் நிற்கின்றன. அழுக்கு கழுவினால் போகும். தீட்டுக்குக் காலவரையறையும் கழிக்கும் முறையும் உண்டு. வாழ்நாள் முழுவதும் உடலில் இருக்கும் தொற்றுக்கு அச்சொல்லைப் பொருத்தினால், கழியாத தீட்டு என்னும் புதிய கொடுமை பிறக்கும். 'அசுத்தம்' நடுநிலையானது என்று தமிழர் கருதக்கூடும். மலையாளத்திலோ அச்சொல்லில் சடங்குத் தூய்மை பற்றிய பொருளே முந்தி நிற்கிறது. துப்புரவைக் குறிக்க 'வ்ருத்தி' எனும் சொல் தனியே உண்டு. மலையாளப் பள்ளியில் பயின்ற தேவிகுளத்துத் தமிழ்ப் பெண்ணொருத்தி இக்கூற்றுக்கு 'ஆம்' என்றால், அவள் ஒப்புக்கொண்டது எதனை? எண்களைக் கூட்டும் ஆய்வாளர் இவ்வினாவைத் தவிர்த்துச் செல்ல இயலாது.

தொற்றினைக் குறிக்கும் மலையாளச் சொல்லாகிய 'அணுபாத'வும் இத்தகையதே. அதன் பிற்கூறு பேய் பிடித்தலையும் குறிப்பது. தமிழ்த் 'தொற்று' பற்றிக்கொள்ளுதலை மட்டும் சுட்டுவதால் தெளிவானது.

இலக்கண அமைப்பிலும் கருதத்தக்கது உண்டு. 'எனக்கு நோய் வந்தது' என்னும் நான்காம் வேற்றுமைத் தொடரில் பேசுவோர் வினைமுதல் அல்லர். பழி அவரைச் சாராது. 'எய்ட்ஸ்காரன்' என்றதும் நிலைமை மாறுகிறது. 'குடிகாரன்' என்பதிற்போல அவ்விகுதி நோயையே ஆளாக்கிவிடுகிறது. 1983-இல் டென்வர் நகரில் எய்ட்ஸுடன் வாழ்வோர் கூடி, தம்மைப் 'பலியானோர்' என அழைப்பதைக் கண்டித்தது இத்தகைய பெயரீட்டுக்கு எதிராகவே. இந்திய நாடாளுமன்றம் 2017-இல் இயற்றி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் 'பாதுகாக்கப்பட்ட நபர்' என்னும் தொடரை ஆள்கிறது. அது உரிமை தரும் தொடர். ஆயினும் எவரும் தம்மை அவ்வாறு சொல்லிக்கொள்ளார்.

நன்னூலார் தகுதி வழக்கை மங்கலம், இடக்கரடக்கல், குழூஉக்குறி என வகுத்தார். தமிழகத்துப் பரிசோதனை நிலையங்களுக்கு இட்ட 'நம்பிக்கை மையம்' என்னும் பெயரும், கேரளத்தில் பரிசோதனைக்கும் மருந்துக்கும் முறையே இட்ட 'ஜ்யோதிஸ்', 'உஷஸ்' என்னும் பெயர்களும் மங்கலத்தின்பாற்படும். வடமொழிப் பெயர் அயலாருக்கு எதையும் காட்டிக்கொடாது. தோட்டத் தொழிலாளிக்கும் வழி காட்டாது என்பது அதன் குறை.

தொற்றுள்ளோரிடையே வழங்கும் 'பாசிட்டிவ்' குழூஉக்குறியாகும். கடன்சொல்லாதலின் தீட்டு, பழி எதுவும் அதில் ஒட்டவில்லை. 'நான் பாசிட்டிவ்' என்பது 'நான் ஆசிரியர்' என்பதைப் போன்ற பெயர்ப்பயனிலைத் தொடர். 'எனக்குப் பாசிட்டிவ்' என்பது வந்துற்ற நிலையைக் கூறுவது. நேர்காணலில் இரண்டாவதைக் கேட்டு முதலாவதாகப் பதிவு செய்பவர், சொன்னவர் ஏற்காத இழிவை அவர்மேல் ஏற்றுகிறார். எல்லைப்புறங்களுக்கான வினாநிரலில் தமிழ், மலையாளக் கூற்றுகளை அருகருகே அச்சிட்டு, விடையளிப்போர் எந்த மொழிக் கூற்றுக்கு விடையளித்தனர் என்பதையும், தம்மை 'நான்' என்றனரா 'எனக்கு' என்றனரா என்பதையும் சேர்த்தே குறித்தல் வேண்டும்.