தோழியற்ற கூற்று: இன்பம் பாடும் தனிக்குரலும் பெயரும்

மொழிவழி மாநிலங்கள் 1956 நவம்பர் 1ஆம் நாள் அமைந்தபோது விளவங்கோடு வட்டம் தமிழகத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. களியக்காவிளையைக் கடந்தவுடன் வரும் பாறசாலையும் அதன் சுற்றூர்களும் தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் எல்லையோர ஊர்கள். திருவிதாங்கூரின் பழைய தலைநகரான பத்மநாபபுரத்திற்கும் புதிய தலைநகரான திருவனந்தபுரத்திற்கும் இடைப்பட்டவை இவை. இப்பகுதியின் கலைமரபை ஒரு மொழியின் எல்லைக்குள் மட்டும் நின்று ஆராய இயலாது.

பெண்ணொருத்தி தனித்து நின்று தன் இன்பத்தை வெளிப்படுத்தும் நிகழ்த்துகை இம்மரபில் இரு வடிவங்களில் காணப்படுகிறது. ஒன்று அரசவை வளர்த்த சிருங்காரப் பதம். மற்றொன்று வயதுவந்தோர்க்கான படக்காட்சி. முன்னதைக் கலை என்றும் பின்னதை ஆபாசம் என்றும் பிரிப்போர் உடல் வெளிப்படும் அளவையே அளவுகோலாகக் கொள்கின்றனர். கூற்று யாரை நோக்கியது, பழி யார் பெயரில் படிகிறது என்னும் இரு வினாக்களே பொருத்தமான அளவுகோல் என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

கேட்போர்

சுவாதித் திருநாள் காலத்தவரான இரயிம்மன் தம்பியின் (1782–1856) 'பிராணநாதன்' எனத் தொடங்கும் மலையாளப் பதத்தில், தலைவி தான் துய்த்த இன்பத்தைத் தோழிக்கு உரைக்கிறாள். மோகினியாட்டத்தில் ஒருத்தியே இதனை ஆடும்போது தோழி மேடையில் இல்லை. ஆடுபவளின் பார்வையே தோழியைப் படைக்கிறது. அவையோர் அத்தோழியின் இடத்தில் அமர்கின்றனர். அகத்திணையில் தலைவி கூற்றைத் தோழி கேட்கும் மரபோடு இது ஒத்துச் செல்கிறது.

பதத்தை இயற்றியவர் ஓர் ஆண். அதைப் போற்றிய அவையும் ஆண்களின் ஆட்சிக்கு உட்பட்டதே. ஆகவே இதனைப் பெண்ணின் விடுதலைக் குரல் என்பது மிகையாகும். எனினும் இன்பம் அங்குத் தலைவியின் உடைமையாகவே பேசப்படுகிறது.

தனியொருத்தி தோன்றும் படக்காட்சியில் தோழிக்கு இடமில்லை. அவளுடைய கண் கருவியை நோக்குகிறது; காண்பவன் தலைவனின் இடத்தில் அமர்த்தப்படுகிறான். துய்த்ததைக் கூறுதல் என்னும் நிலை மாறி, காண்பவனுக்காகவே துய்ப்பதாகக் காட்டுதல் என்னும் நிலை தோன்றுகிறது.

பெயர்

அன்பின் ஐந்திணையில் ஒருவர் பெயரையும் சுட்டலாகாது என்பது தொல்காப்பிய விதி. அகப்பொருளைப் பொதுமையாக்கும் இவ்விதி, கூறுபவளுக்கு அரணாகவும் அமைகிறது. திரை இவ்வரணைத் தகர்த்தது. ஆந்திரத்தில் பிறந்த விஜயலட்சுமிக்கு 'வண்டிச்சக்கரம்' (1980) படத்தின் பாத்திரப் பெயரே 'சில்க்' என ஒட்டிக்கொண்டது. 1996இல் அவர் மறைந்த பின்னும் அது நீங்கவில்லை.

சென்னையைச் சார்ந்த ஷகீலா 'கின்னாரத்தும்பிகள்' (2000) வழியாக மலையாளத்தில் புகழ்பெற்றார். தம் படங்களில் மாற்றுடல் கொண்டு எடுத்த காட்சிகள் சேர்க்கப்பட்டதாக அவரே பொதுவெளியில் கூறியுள்ளார். அத்தகைய காட்சியில் முகமும் பெயரும் ஒருத்திக்குரியவை, உடல் மற்றொருத்திக்குரியது. முன்னவர் தாம் ஆடாததற்கும் பழி சுமக்கிறார். பின்னவருக்கோ உழைப்பின் அடையாளமே இல்லை. மாற்றுடலாக நின்றவரின் பெயரின்மை அகமரபின் பெயரின்மை அன்று. அது கூலியோடு கணக்குத் தீர்க்கப்பட்ட மறைப்பு.

அகப்பாடலில் கூறுபவள் பெயரற்றவள்; கேட்பவள் அறிந்த தோழி. படக்காட்சியில் இது தலைகீழாகிறது. கூறுபவளை ஊரே பெயர் சொல்லி ஏசுகிறது. கண்டவனோ இருட்டில் பெயரின்றி அமர்ந்து எழுந்து செல்கிறான்.

முடிவுரை

அரங்கின் இருள் இன்று கைப்பேசிக்குள் வந்துவிட்டது. எல்லையோரச் சிற்றூரில் ஒருத்தி நம்பிய ஒருவருக்கு அனுப்பிய காட்சியும் அவள் இசைவின்றிப் பரவக்கூடும். தோழிக்கு உரிய கூற்று சந்தைக்குச் செல்லும் நிலை இதுவே. ஒருவரின் அந்தரங்க உறுப்புகளின் படத்தை இசைவின்றி எடுப்பதையும் பரப்புவதையும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 2008ஆம் ஆண்டுத் திருத்தம் குற்றமாக்கியது. சட்டம் இசைவைக் கேட்கிறது. ஊர் இன்னும் பெண்ணின் பெயரையே கேட்கிறது. அகமரபைக் கற்பிக்கும் தமிழ்த்துறைகள், பெயர் சுட்டாமை என்னும் பழைய விதியை இலக்கண நூற்பாவாக மட்டும் நிறுத்தாமல், இன்றைய காட்சிப் பண்பாட்டை மதிப்பிடும் அறநெறியாகவும் பயிற்றுவித்தல் வேண்டும்.