எழுபது சதவீதமும் இரவு ஏழு மணியும்

2030ஆம் ஆண்டுக்குள் மின்சாரத்தில் 70 சதவீதத்தைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறுவோம் என்கிறது இலங்கை. ஆட்சிகள் மாறின, இந்த எண் மாறவில்லை. புதிய நிலக்கரி நிலையம் கட்டுவதில்லை என்ற சர்வதேச உடன்பாட்டில் 2021இல் முன்வரிசையில் நின்றதும் இதே நாடுதான். உலகின் கரியமில உமிழ்வில் நம் பங்கு 0.1 சதவீதத்தைக்கூட எட்டாது. முதலில் மின்வெட்டை ஒழியுங்கள், காலநிலையைப் பணக்கார நாடுகள் பார்க்கட்டும் என்பவர்கள் உண்டு. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்சாரம் இல்லாமல் தவித்தவர்கள் அப்படிக் கேட்பதை அலட்சியப்படுத்த முடியாது.

ஆனால் அந்த 13 மணி நேரம் எப்படி வந்தது? நீர்த்தேக்கங்கள் வற்றிக் கிடந்தன. டீசலும் உலை எண்ணெயும் வாங்க டொலர் இல்லை. அப்போதும் தாங்கிப் பிடித்தது நுரைச்சோலை நிலக்கரி நிலையந்தான் என்பது உண்மை. 900 மெகாவாட் திறன் கொண்ட அந்த நிலையத்தின் நிலையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். அங்கே பெரிய கப்பல் அணையத் துறைமுகம் இல்லை. நடுக்கடலில் நிற்கும் கப்பலிலிருந்து நிலக்கரியைப் படகுகளுக்கு மாற்றித்தான் கரை சேர்க்கிறார்கள். தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் அது நடக்காது. ஏறத்தாழ செப்டெம்பர் முதல் ஏப்ரல் வரை இறக்கிக் குவித்ததை வைத்தே மீதி மாதங்களை ஓட்ட வேண்டும். டொலருக்குத் தட்டுப்பாடு வந்தாலோ கேள்விப்பத்திரம் இழுபட்டாலோ அந்த ஆண்டே ஆட்டம் காணும். உள்நாட்டில் ஒரு கட்டி நிலக்கரிகூடக் கிடைக்காத தீவில் இதை எரிசக்திப் பாதுகாப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மறுபக்கத்தையும் அதே கண்டிப்போடு எடை போட வேண்டும். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல். பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கொன்றால் ஏற்பட்ட கோளாறு என்றார்கள். நாடு முழுவதும் இருண்டது. குரங்கைப் பற்றியே எல்லோரும் பேசினார்கள். பேச வேண்டியது வேறு. விடுமுறை நாள், தேவை குறைவு, வெயில் நிறைவு; சூரிய மின்சாரத்தின் பங்கு உயர்ந்திருந்தது. நீர், அனல் நிலையங்களில் சுழலும் கனத்த சுழலிகள் ஓர் அதிர்ச்சி வந்தால் சில விநாடிகளாவது மின்கட்டமைப்பின் அதிர்வெண்ணைத் தாங்கும். கூரைமேல் தகடுகளுக்கு அந்தக் கனம் இல்லை. நுரைச்சோலையின் மூன்று அலகுகளும் ஒன்றாகச் செயலிழந்தன. மீண்டும் இயங்க நாள்கள் பிடித்தன. சுழற்சி முறை மின்வெட்டு திரும்பி வந்தது. இரண்டே மாதத்தில், சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரைச் சோலார் வைத்திருப்போரிடம் பிற்பகல் 3 மணி வரை நிறுத்தி வையுங்கள் என்று மின்சார சபையே கேட்டது. அரசாங்கத்தை நம்பிக் கடன்பட்டுத் தகடு பூட்டிய குடும்பங்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்?

இங்கேதான் 70 என்ற எண்ணின் குறை தெரிகிறது. அது ஆண்டுக் கணக்கு. நல்ல மழை பெய்த ஆண்டில் நீர்மின்சாரமே பெரும்பங்கைத் தந்து பாதியை நெருங்க வைத்துவிடும். பெய்யாவிட்டால் கணக்கு விழும். வீடுகளில் விளக்கும் தொலைக்காட்சியும் ஒன்றாக இயங்கும் இரவு ஏழு மணிக்கு என்ன எரிகிறது என்பதை அந்த எண் சொல்லாது. நண்பகல் வெயிலை ஏழு மணிக்குக் கொண்டு சேர்க்கும் பற்றரியும் நீரேற்று மின்நிலையமும் தகடுகளோடு சேர்ந்து வளரவில்லை. மகா ஓயாவின் 600 மெகாவாட் நீரேற்றுத் திட்டம் ஆண்டுக்கணக்காகத் தாளிலேயே இருக்கிறது. இலக்கின் திசை சரி, அளவுகோல் தவறு.

இன்னொன்றையும் விட்டுவிட முடியாது. 2006இல் போரால் கிழக்கிலுள்ள சம்பூரிலிருந்து விரட்டப்பட்ட மக்களின் நிலத்தில் நிலக்கரி நிலையம் கட்டப் பார்த்தார்கள். 2016இல் அது கைவிடப்பட்டது. இன்று அங்கே சூரிய மின்திட்டம். வடக்கிலுள்ள மன்னார்த் தீவில் 103.5 மெகாவாட் காற்றாலைகள் ஏற்கனவே சுழல்கின்றன. வலசைப் பறவைகளின் வழியில் இருக்கும் அந்த ஒடுங்கிய தீவில் மேலும் கோபுரங்கள் வேண்டாம் என்று 2025 ஆகஸ்டில் மக்கள் வீதியில் இறங்கினார்கள். மழைவெள்ளம் வடிய வழியில்லை, மீன்பிடி கெடுகிறது என்ற அவர்களின் முறைப்பாட்டைப் பசுமைக்கு எதிரான குரலாகச் சித்திரிப்பது அநியாயம். கொழும்பின் குளிரூட்டிக்கான விலையை வடக்கும் கிழக்குமே திரும்பத் திரும்பக் கொடுக்க முடியாது.

என் தீர்ப்பு இது. புதிய நிலக்கரி கூடவே கூடாது. நுரைச்சோலையை இப்போதே மூடுவதும் கூடாது; சேமிப்புத் திறன் மாலை உச்சத் தேவையைத் தாங்கும்வரை அது இருக்கட்டும், அதன் பிறகு ஒவ்வோர் அலகாக நிற்கட்டும். அடுத்த கடன் டொலர்கள் தகடுகளுக்கு முன் பற்றரிக்கும் மின்கடத்தும் வழிகளுக்கும் போக வேண்டும். மன்னாரில் அடுத்த கோபுரத்துக்கான குழி, அங்குள்ளவர்கள் சம்மதிக்காமல் தோண்டப்படக் கூடாது.