அங்கே பால், இங்கே பழம்!

பள்ளிகளிலே விஞ்ஞான வரலாற்றைக் கதையாகச் சொல்கிறார்கள். நல்லதே! நெட்டுருவால் களைத்த மாணவனுக்குக் கதை உயிரூட்டும். ஆனால் எந்தக் கதை, எப்படிச் சொல்லப்படும் கதை என்பதிலேதான் நமக்கு வழக்கு.

நியூட்டன் தலையிலே ஆப்பிள் விழுந்தது. ஈர்ப்பு விதி பிறந்தது! இது வகுப்பறைக் கதை. 1726-இல் முதியவரான நியூட்டன் நண்பர் ஸ்டூக்லியிடம் கூறியதோ, பழம் விழக் கண்டு எண்ணம் எழுந்தது என்பதே. தலைமீது விழுந்ததென்ற பேச்சே அதில் இல்லை. அந்த எண்ணம் முழுமை பெற்று 'பிரின்சிபியா'வாக வெளிவந்த ஆண்டு 1687. இடையிலே சுமார் 20 ஆண்டு உழைப்பு! அதை விழுங்கிவிட்ட கதைக்கும், ஞானப்பால் பருகியதும் பதிகம் பிறந்தது என்ற புராணத்துக்கும் வேறுபாடு என்ன? அங்கே பால், இங்கே பழம்!

செம்மல்வைஸ் கதையைப் பாருங்கள். வியன்னாப் பொது மருத்துவமனையிலே இரு பிரசவப் பகுதிகள். 1846-இல், மருத்துவ மாணவர் பயின்ற பகுதியில் நூற்றுக்கு 11 தாய்மார் மாண்டனர். மருத்துவச்சிகள் பயின்ற பகுதியில் மூவருக்கும் குறைவு. காரணம் யாது? மணியோசையுடன் வரும் பாதிரியாரைக் கண்ட அச்சமோ என ஐயுற்று, அவர் வழியை மாற்றினார், சாவு குறையவில்லை. பிரசவ நிலையை மாற்றினார், பயனில்லை. 1847-இல், பிணப் பரிசோதனையின்போது கத்தி கீறிய நண்பர் கோலெட்ச்கா, தாய்மாரைப் போன்றே நோயுற்று இறந்தார். பிணத்தைத் தொட்ட கைகளே நஞ்சைச் சுமந்தன என்று உணர்ந்தார். குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரால் கைகழுவச் செய்தார். 1848-இல் சாவு நூற்றுக்கு 1 என்ற அளவுக்கு இறங்கிற்று.

வகுப்பிலே சொல்லப்படுவது கடைசி வரி மட்டும்! தோற்றுப்போன ஊகங்களை நீக்கிவிட்டால், மாணவன் கற்பது என்ன? கைகழுவ வேண்டும் என்ற கட்டளையை! காரணத்தைத் தேடும் முறையையல்ல.

அவரையும் திருவுருவாக்க வேண்டாம். தம் நூலை 1861 வரை வெளியிடாது தாமதித்தார். மறுத்தோரைக் கொலைகாரர் என்று ஏசினார். மருத்துவர் பலர் ஏற்காத நிலையிலேயே, 1865-இல் மனநோய் விடுதியிலே மாண்டார். உண்மை வெல்லும், ஆனால் தானாக வெல்லாது என்பதையும் மாணவன் அறியட்டும்.

பாடத்திட்டம் நெருக்குகிறதே, நேரமேது என்பர். பத்துக் கதைகளை ஒப்பிப்பதினும் ஒரு கதையைப் பாதியில் நிறுத்தி, "இனி நீ எதைச் சோதிப்பாய்?" என்று கேட்பது மேல். அதற்கு ஒரு பாடவேளை போதும். ஆசிரியராகப் போகும் தோழர்கள் அந்தக் கேள்வியோடு வகுப்பறைக்குச் செல்லட்டும்.