‘பொம்பளைச் சீக்கு’ என்னும் சொல்

பால்வினை நோயைப் ‘பொம்பளைச் சீக்கு’ என்கிறது நம் பேச்சுவழக்கு. நோயின் ஊற்றுக்கண் பெண்ணே என்று தீர்ப்பெழுதிய சொல். பிறப்புறுப்பு ஹெர்பீஸோ ஆணிடமிருந்து பெண்ணுக்கே எளிதில் தொற்றுகிறது.

இச்சொல்லுக்கு அஞ்சியே அவள் மருத்துவரிடம் போகாமல் நாளைக் கடத்துகிறாள். அல்லது கடையில் ரகசியமாக மாத்திரை வாங்குகிறாள். அசைக்ளோவிர் கொப்புளம் எழுந்ததுமே தொடங்கினால்தான் நன்கு கேட்கும். நரம்பில் பதுங்கிய வைரஸை அது ஒழிக்காது, பெருகாமல் தடுக்கும். சிறுநீரகம் பழுதென்றால் அளவைக் குறைக்க வேண்டும். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். கருவுற்றிருந்தால் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். வாய்திறந்து பேசினால்தான் மருந்து பாதுகாப்பானது. அந்த வாயைத்தான் இச்சொல் அடைக்கிறது.

இம்மருந்து உருவான ஆய்வில் முன்னின்றவர் கெர்ட்ரூட் எலியன். பெண் என்பதாலேயே ஆய்வுக்கூட வேலை மறுக்கப்பட்டவர். 1988இல் நோபல் பரிசு பெற்றார். சீக்குக்குப் பெண்ணின் பெயரைச் சூட்டிய மொழி, மருந்துக்குச் சூட்டவில்லை.